நூற்றுக்கு நூறு என்னும் மாயை

சந்தையிலே மீன் விற்பவரின் தராசுக்கும் சட்டம் உண்டு. அவர் கையிலுள்ள படிக்கல் பரிசோதிக்கப்பட்டு முத்திரை பெற்றிருத்தல் வேண்டும். இலங்கையில் 1995ஆம் ஆண்டின் அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டம் இதற்கெனவே இயற்றப்பட்டது. அதனைச் செயற்படுத்தத் தனியான திணைக்களமும் உண்டு. அரைக் கிலோ சூடை மீனுக்கு இத்துணைக் காவல் இருக்கின்றது. ஆயின் பல்கலைக்கழக ஆய்வுகூடமொன்றிலே, இலத்திரன் நுணுக்குக்காட்டியின் பக்கத்திற் பொருத்தப்பட்ட நிறமாலைமானி, 'இரும்பு நூற்றுக்கு 53.8, தைத்தானியம் நூற்றுக்கு 46.2, மொத்தம் 100.00' என்று அச்சிட்டுத் தரும்போது, இந்தத் தராசுக்கு முத்திரை இட்டவர் யார் என்று வினவுவோர் அரியர். அச்சிட்ட தாள் ஆய்வேட்டின் பின்னிணைப்பாகின்றது. ஆய்வேடு பட்டமாகின்றது. பட்டம் பெற்றவர் நாளை அதே கருவியின் முன்னே வேறொரு மாணவரை அமர்த்துகின்றார்.

ஈண்டு வலியுறுத்தப்பட வேண்டியது யாதெனில், அளவு திருத்தப்படாத கருவி தரும் எண் அளவீடு அன்று என்பதே. அது கருவியின் அபிப்பிராயம். அபிப்பிராயத்துக்குத் தசமப்புள்ளி இட்டுவிட்டால் அஃது அறிவாகிவிடாது. அளவுத்திருத்தம் என்பது விஞ்ஞானம் தொடங்குவதற்கு முன்னே வேலையாள் ஒருவர் செய்து முடித்துவிடும் துப்புரவுப் பணி என்று கருதும் மனப்பான்மை, விஞ்ஞானத்தின் உயிர்நிலையையே அறியாத மனப்பான்மையாகும்.

கருவியின் இயல்பை முதலில் நோக்குதல் தகும். விரைவூட்டப்பட்ட இலத்திரன் கற்றை மாதிரியின் மேற்பரப்பில் மோதும்போது, அங்குள்ள அணுக்களின் உள்ளோடுகளிலிருந்து இலத்திரன்கள் வெளியேற்றப்படுகின்றன. அவ்விடத்தை நிரப்ப வெளியோட்டு இலத்திரன் இறங்குகையில், ஒவ்வொரு மூலகமும் தனக்கேயுரிய சக்தியுடைய எக்ஸ்-கதிரை உமிழ்கின்றது. அக்கதிரை ஏற்கும் உணர்கருவி சிலிக்கன் என்னும் குறைகடத்தியால் ஆனது. அதனுட் புகும் எக்ஸ்-கதிர்ப் போட்டன், ஏறத்தாழ 3.7 இலத்திரன் வோல்ற்றுக்கு ஒன்று என்ற கணக்கில், இலத்திரன் - துளைச் சோடிகளைத் தோற்றுவிக்கின்றது. மங்கனீசின் 5.90 கிலோ இலத்திரன் வோல்ற்றுப் போட்டன் ஏறத்தாழ 1600 சோடிகளைத் தரும், அலுமினியத்தின் 1.49 கிலோ இலத்திரன் வோல்ற்றுப் போட்டன் ஏறத்தாழ 400 சோடிகளையே தரும். இச்சிறு மின்னேற்றம் பெருக்கப்பட்டு மின்துடிப்பாகின்றது. துடிப்பின் உயரத்துக்கேற்ப அது பல எண்ணும் அறைகளுள் ஒன்றிலே சேர்க்கப்படுகின்றது. ஆகவே கருவி அறிவது துடிப்பின் உயரத்தை மட்டுமே. அவ்வுயரம் எத்தனை இலத்திரன் வோல்ற்றுக்கு ஈடானது என்பதைக் கருவி தானாக அறியாது. மனிதரே அதனைக் கற்பிக்க வேண்டும். அக்கற்பித்தலின் பெயரே அளவுத்திருத்தம்.

கற்பிக்க வேண்டியவையும் பல அல்ல. சக்தி அச்சைப் பொறுத்தவரை இரண்டே இரண்டு: பூச்சியம் எங்கே உள்ளது என்பது ஒன்று, ஓர் அறையின் அகலம் எத்தனை இலத்திரன் வோல்ற்று என்பது மற்றையது. இரண்டு அறியாக் கணியங்களைத் துணிய இரண்டு தெரிந்த புள்ளிகள் போதும் என்பது பாடசாலை மாணவரும் அறிந்த அட்சரகணிதம். தூய செம்புத் துண்டொன்று இவ்விரு புள்ளிகளையும் தானே வழங்குகின்றது. செம்பின் ஒரு கோடு 0.93 கிலோ இலத்திரன் வோல்ற்றிலும், பிறிதொன்று 8.05 கிலோ இலத்திரன் வோல்ற்றிலும் தோன்றும். ஒன்று அச்சின் அடியிலே, மற்றையது மேலே. மினுக்கிய செம்புத் துண்டை உள்ளே வைத்து, இவ்விரு உச்சிகளும் தமக்குரிய இடங்களில் நிற்கின்றனவா என்று பார்ப்பதற்குச் சில நிமிடங்களே செல்லும். துலாக்கோலின் முதற் கடமை பொருளை நிறுத்தல் அன்று. வெறுந்தட்டுக்களோடு தான் சமன்பட்டு நிற்றலே. அந்தச் சில நிமிடங்களைச் செலவிட மறுப்பதே ஈண்டு கண்டனத்துக்குரியது.

மறுப்பதால் விளைவது யாது? புல்மோட்டைக் கடற்கரையின் கருமணலை எடுத்துக்கொள்வோர்க்கு அது எளிதில் விளங்கும். அம்மணலின் பிரதான கனியமான இல்மனைற்று, இரும்பும் தைத்தானியமும் ஒட்சிசனும் சேர்ந்தது. தைத்தானியத்தின் இரண்டாவது கோடு 4.93 கிலோ இலத்திரன் வோல்ற்றில் விழும்; வனேடியத்தின் முதன்மைக் கோடு 4.95இல் விழும். இடைவெளி வெறும் 20 இலத்திரன் வோல்ற்று. அறையின் அகலம் ஆயிரத்துக்கு நான்கு பங்கு பிசகியிருந்தாற் போதும். தைத்தானியத்தின் கோடு வனேடியத்தின் இடத்திலே போய் அமர்ந்துகொள்ளும். கணினி தயக்கமின்றி 'வனேடியம்' என்று பெயர் சூட்டும். ஆயிரத்துக்கு நான்கு என்பது அசாதாரணமான வழு அன்று. அறையின் வெப்பநிலை மாறினும், துடிப்பைப் பதனிடும் நேரத்தை இயக்குநர் மாற்றினும், மின்சாரம் தடைப்பட்டு மீண்டு வரினும் அச்சு நகரக்கூடும். 2022ஆம் ஆண்டில் இலங்கை முழுவதும் நாளொன்றுக்குப் பல மணிநேரம் மின்சாரம் துண்டிக்கப்பட்டமை எவரும் மறந்ததன்று. அத்தகைய நாடொன்றிலே, சென்ற ஆண்டு செய்த அளவுத்திருத்தம் இவ்வாண்டும் செல்லும் என்று நம்புதல் பேதைமை.

வனேடியத்தைக் கண்டுவிட்டதாகத் தவறாக நம்புவது ஓர் ஆய்வேட்டைக் கெடுக்கும். அவ்வளவே என்று சிலர் அமைதி கொள்ளலாம். அமைதி கொள்ள இடமில்லை. கந்தகத்தின் கோடு 2.31 கிலோ இலத்திரன் வோல்ற்றிலும், ஈயத்தின் ஒரு கோடு 2.35இலும், மொலிப்டினத்தின் ஒரு கோடு 2.29இலும் விழுகின்றன. உணர்கருவியின் பிரிதிறனோ 130 இலத்திரன் வோல்ற்று அளவினது. மூன்று உச்சிகளும் ஒரே மேடாகவே திரையில் தோன்றும். வீட்டுத் தூசியிலோ குழந்தைகளின் விளையாட்டுப் பொருளின் வர்ணப்பூச்சிலோ உள்ள துணிக்கை ஒன்றைச் சோதிக்கும்போது, அந்த மேடு கந்தகமா ஈயமா என்பது ஏட்டுச்சுரைக்காய் வினா அன்று. சாதாரணச் சாந்துத் தூளிலுள்ள கந்தகம் ஈயம் எனப் பெயர் பெற்றால் ஒரு குடும்பம் வீணே கலங்கும். ஈயம் கந்தகம் எனப் பெயர் பெற்றால் ஒரு குழந்தை நஞ்சுண்ணும். ஈயத்துக்கு 10.55 கிலோ இலத்திரன் வோல்ற்றில் வேறொரு கோடும் உண்டு; அதனைத் தேடினால் ஐயம் தீரும். ஆயின் கற்றையின் விரைவூட்டும் அழுத்தம் 10 கிலோவோல்ற்றாக இருப்பின் அக்கோடு தோன்றவே மாட்டாது. தோன்றாமைக்குக் காரணம் ஈயம் இல்லாமையா, அழுத்தம் போதாமையா என்று வினவும் பழக்கம் கருவியிடம் இல்லை; அதன் முன்னே அமர்ந்திருப்பவரிடம் இருத்தல் வேண்டும்.

இன்னுமொரு வேடிக்கையும் உண்டு. ஈயத்தைப் பொன்னாக்க முயன்ற இரசவாதிகளைப் பற்றி விஞ்ஞான மாணவர் நகைப்புடன் பேசுவர். ஆயின் அதே மாணவர் அலுமினியத்தை வெள்ளியாக்கும் வித்தையை அறியாமலே செய்துவிடுகின்றனர். கற்றையின் மின்னோட்டத்தை அளவுக்கு மிஞ்சி உயர்த்தினால் போட்டன்கள் நெருங்கி வந்து விழும். இரண்டு அலுமினியப் போட்டன்கள் ஒருசேர வரின், உணர்கருவி அவற்றை ஒன்றெனக் கொண்டு 2.97 கிலோ இலத்திரன் வோல்ற்றில் எண்ணிவிடும். வெள்ளியின் முதன்மைக் கோடு விழுவது 2.98இல், ஆகன் வாயுவின் கோடு விழுவது 2.96இல். இல்லாத வெள்ளியும் இல்லாத ஆகனும் இவ்வாறு பிறக்கின்றன. பழைய இரசவாதி தன் உலையை வருடக்கணக்காக ஊதினான். புதிய இரசவாதிக்கு ஒரு பொத்தானே போதும்.

இதுகாறும் கூறியவை 'எது உண்டு' என்னும் வினாவைப் பற்றியன. 'எவ்வளவு உண்டு' என்னும் வினாவில் நிலைமை இதனினும் இரங்கத்தக்கது. இலத்திரன் கற்றையால் நுண்பகுதியைப் பகுத்தாயும் முறைக்கு அடிகோலியவர் பிரான்சு நாட்டின் றேமொன் கஸ்தேன். 1951ஆம் ஆண்டில் பரிசுப் பல்கலைக்கழகத்துக்கு அவர் அளித்த ஆய்வேட்டின் நெறி மிக எளியது. மாதிரியிலிருந்து வரும் எக்ஸ்-கதிரின் செறிவை மட்டும் கொண்டு எதுவும் கூறலாகாது. அதே கற்றை, அதே மின்னோட்டம், அதே உணர்கருவி ஆகியவற்றைக் கொண்டு, அமைப்புத் தெரிந்த நியமப் பொருளொன்றையும் அளந்து, இரு செறிவுகளின் விகிதத்தையே எடுத்தல் வேண்டும். விகிதத்தை எடுக்கும்போது உணர்கருவியின் திறன், அதன் சாளரத்தின் தடிப்பு, அது மாதிரியை நோக்கும் கோணம் ஆகிய அறியாக் கணியங்கள் யாவும் மேலும் கீழும் வெட்டுண்டு போகின்றன. அறியாமையை மறைக்காமல் அதனை வெட்டிவிடும் வழியைக் கண்டதே அம்முறையின் மேன்மை.

நியமத்தை அளக்கும் உழைப்பு வேண்டாம் என்று கருதியோரே நியமமின்றிக் கணிக்கும் முறையை நாடினர். இம்முறையிலே, அருகில் இல்லாத நியமத்தின் செறிவைக் கணினி தன் நினைவகத்திலிருந்தும் கொள்கைச் சமன்பாடுகளிலிருந்தும் ஊகித்துக்கொள்கின்றது. மாதிரியின் மேல் விழுந்த மின்னோட்டம் எவ்வளவென்று பெரும்பாலும் அதற்குத் தெரியாது. ஆகவே, கண்ட மூலகங்களின் பங்குகள் யாவற்றையும் கூட்டி, அக்கூட்டுத்தொகை நூறாகும்படி எல்லாவற்றையும் நீட்டியோ குறுக்கியோ தருகின்றது. மொத்தம் 100.00 என்பது அளவீட்டின் முடிவன்று, கணிப்பின் கட்டளை. எத்தனை பிழை செய்தாலும் மொத்தம் நூறாகவே வரும். எல்லா மாணவர்க்கும் நூறு புள்ளி வழங்கும் பரீட்சகரின் நேர்மையை எவ்வளவு நம்பலாமோ, அவ்வளவே இந்த நூறையும் நம்பலாம்.

தொடக்கத்திற் கண்ட எண்களுக்கு இனித் திரும்பலாம். இல்மனைற்றின் சூத்திரப்படி அதன் நிறையில் இரும்பு நூற்றுக்கு 36.8; தைத்தானியம் 31.6, ஒட்சிசன் 31.6. ஒட்சிசனைப் பட்டியலிற் சேர்க்க இயக்குநர் மறந்தார்; அல்லது உணர்கருவியின் சாளரத்திற் படிந்த பனியோ எண்ணெய்ப் படலமோ ஒட்சிசனின் மென்கதிரை விழுங்கிவிட்டது எனக் கொள்க. கணினி எஞ்சிய இரண்டையும் நூறாக நீட்டுகின்றது: இரும்பு 53.8, தைத்தானியம் 46.2; மொத்தம் 100.00. மூன்றிலொரு பங்கு காணாமற் போயிருக்கிறது, கணக்கோ சரி. நியமத்தோடு ஒப்பிட்டு, மின்னோட்டத்தையும் அளந்திருப்பின் மொத்தம் 68 அளவிலே நின்றிருக்கும். அந்தக் குறைபாடே 'ஏதோ தவறியுள்ளது' என்று உரத்துக் கூறியிருக்கும். குறைந்த மொத்தம் கருவியின் தோல்வியன்று. அது கருவியின் நாணயம். அதனை நூறாக்கித் தரும் கணிப்பு அந்த நாணயத்தைப் பறிக்கின்றது.

இது வெறும் ஐயப்பாடு அன்று. ஐக்கிய அமெரிக்காவின் தேசிய நியமங்கள், தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த நியூபெரியும் அவருடைய சகாக்களும் 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்று, நியமமின்றிக் கணிக்கும் துணிவு தகுமா என்று தலைப்பிலேயே வினவியது. அமைப்புத் தெரிந்த பொருள்களைக் கொண்டு சோதித்தபோது, நூற்றுக்கு 95 முடிவுகளை உள்ளடக்குவதற்கு வழுவின் எல்லை இருபுறமும் நூற்றுக்கு 25 வரை விரிய வேண்டியிருந்தது. நியமங்களோடு ஒப்பிடும் முறையிலோ அவ்வெல்லை நூற்றுக்கு 5 அளவினதே. உண்மை 20 ஆக இருக்கும் இடத்தில் 15 என்றோ 25 என்றோ அச்சாகலாம் என்பதே முன்னையதன் பொருள். கணிப்பு முறைகள் அக்காலத்தினும் திருந்தியுள்ளன என்பர். திருந்தியிருத்தல் கூடும். எவ்வளவு திருந்தியுள்ளன என்பதை அறிவதற்கும் நியமம் ஒன்றை வைத்துப் பார்த்தலன்றி வேறு வழி யாது?

அதே நியூபெரி 2005இல் எழுதிய பிறிதொரு கட்டுரை, உச்சிகளுக்குத் தானாகப் பெயரிடும் மென்பொருள்கள் மாதிரியின் பிரதான மூலகங்களையே பிழையாக இனங்காண்பதை எடுத்துக் காட்டி, இது பகுப்பாய்வாளர் சமூகத்தின் நம்பகத்தையே அச்சுறுத்துகின்றது என எச்சரித்தது. ஆயின் 2013இல் அவரும் றிச்சியும் சேர்ந்து எழுதியதையும் மறைத்தல் நேர்மையன்று. அளவு கவனமாகத் திருத்தப்பட்டு, நியமங்களோடு ஒப்பிட்டு, போதிய எண்ணிக்கையும் சேர்க்கப்படின், இதே வகைக் கருவி ஈயச் சல்பைட்டையும் மொலிப்டினச் சல்பைட்டையும் போன்ற கடினமான மாதிரிகளையும் துல்லியமாகப் பகுக்கும் என்று அவர்கள் காட்டினர். ஆகவே குற்றவாளி கருவியன்று. ஒரே கருவி ஒருவர் கையில் தராசாகவும் மற்றொருவர் கையில் சோதிடமாகவும் அமைவது, இடையிலுள்ள அரைமணி நேர உழைப்பைப் பொறுத்தது.

இவற்றுக்கு மறுமொழியாகக் கூறப்படும் சமாதானங்கள் சிலவற்றை ஆராய்தல் வேண்டும்.

'கருவி ஆலையிலேயே அளவு திருத்தப்பட்டு வந்தது' என்பது முதலாவது. ஆலையிலிருந்து வந்த நாளிலே அது மெய்யாயிருந்திருக்கலாம். சுவர் மணிக்கூடும் கடையிலிருந்து வந்த நாளிலே சரியான நேரத்தையே காட்டியது. அளவுத்திருத்தம் பொருளின் பண்பு அன்று. அன்றன்றைய நிலையின் பண்பு.

'எண்களின் துல்லியம் முக்கியமன்று. மாதிரிகளுக்கிடையிலான ஒப்பீடே நோக்கம்' என்பது இரண்டாவது. இஃது அடக்கமான கூற்றுப்போலத் தோன்றினும் உண்மையில் முதலாவதனினும் துணிச்சலானது. திங்கட்கிழமை அளந்த மாதிரிக்கும் வெள்ளிக்கிழமை அளந்த மாதிரிக்கும் இடையே கண்ட வேற்றுமை மாதிரியின் வேற்றுமையா, கருவியின் நகர்வா என்று எவ்வாறு துணிவது? இரு நாளும் அதே நியமத்தை அளந்தவர்க்கே அவ்வொப்பீட்டுக்கு உரிமை உண்டு.

'வறிய நாட்டின் பல்கலைக்கழகத்துக்கு இவை கட்டுப்படியாகா' என்பது மூன்றாவது. மூன்றனுள் இதுவே உருக்கமானது. ஆகவே இதுவே ஆபத்தானது. சான்றிதழ் பெற்ற நியமங்களின் முழுத் தொகுதி விலை கூடியது என்பது மெய். ஆயின் தூய செம்புத் துண்டும் அலுமினியத் துண்டும் எந்த நாட்டின் வரவு செலவுத் திட்டத்தையும் கவிழ்த்துவிடா. புவிச்சரிதவியற் துறையின் அலுமாரியிலுள்ள நன்கறியப்பட்ட கனியமொன்றை அறியாப் பொருள்போல வைத்து அளந்து, விடை சரியா என்று பார்ப்பதற்குச் சதமும் செலவில்லை. வறுமை ஒரு காரணமாயின் அது மறுதலையாகவே வாதிடும்: மீண்டும் அளக்க வசதியற்றவர் முதன்முறையே சரியாக அளத்தல் வேண்டும். கோடிக்கணக்கில் கொடுத்துக் கருவியை வாங்கிவிட்டு, செம்புத் துண்டுக்கு வழியில்லை என்பது, வீடு கட்டியபின் வாசற்கதவுக்குப் பணமில்லை என்பதை ஒக்கும்.

தவறாக இனங்காண்பது இழிவன்று என்பதையும் கூறல் வேண்டும். இழிவு, சோதியாது விடுவதே. இவ்விடத்தில் இலங்கையின் வரலாற்றிலிருந்தே ஒரு சான்று உண்டு. பின்னாளிலே கலை விமரிசகராகப் புகழ்பெற்ற ஆனந்த குமாரசுவாமி, அந்நாளில் இலங்கையின் கனிய ஆய்வுத் துறைக்குப் பணிப்பாளராக இருந்தார். 1904இல் சப்பிரகமுவப் பகுதியிற் கிடைத்த கரிய, பாரமான கனியம் ஒன்றை அவர் முதலில் யுரேனினைற்று என்றே கருதினார். அக்கனியம் இலண்டனுக்கு அனுப்பப்பட்டு, டன்ஸ்டன் என்பவரால் இரசாயன முறையிற் பகுக்கப்பட்டபோது, அதன் பிரதான கூறு யுரேனியம் அன்று, தோரியம் என்பது தெளிவாயிற்று. தோரியனைற்று என்னும் புதிய கனியம் இவ்வாறே உலகுக்கு அறிமுகமாயிற்று. முதற் கணிப்புப் பிழைத்தது; ஆயினும் அது நிறைக்கும் அளவைக்கும் பணிந்தது; ஆகவே பிழையிலிருந்து ஒரு கண்டுபிடிப்புப் பிறந்தது. இன்றைய நிறமாலைமானியில் தோரியத்தின் ஒரு கோடு 3.15இலும் யுரேனியத்தின் ஒரு கோடு 3.17இலும் தோன்றுகின்றன. 1904இல் ஓர் அறிஞரின் கண்ணை மயக்கிய அதே இரு மூலகங்கள், கவனமற்ற கணினியையும் மயக்கக் காத்திருக்கின்றன. அன்றைய ஆய்வாளர் தம் கண்ணை நம்பாது பொருளைச் சோதனைக்கு அனுப்பினர். இன்றைய ஆய்வாளர் கணினியின் கண்ணை நம்பிச் சோதனையையே கைவிடுகின்றனர்.

மற்றொரு சான்று செருமனியில் நிகழ்ந்தது. இங்கிலாந்தின் மோஸ்லி 1913, 1914ஆம் ஆண்டுகளில் மூலகங்களின் எக்ஸ்-கதிர்க் கோடுகளை அளந்து, அவற்றை அணுவெண்ணின் வரிசையில் நிரைப்படுத்தி, 43, 61, 75 ஆகிய இடங்கள் வெறுமையாக உள்ளன என்று காட்டினார். 1915இல் கலிப்பொலிப் போரிலே தமது இருபத்தேழாம் வயதில் அவர் மாண்டார். 1925இல் நொடாக், ஐடா ராக்கே, பேர்க் ஆகிய மூவரும் 43ஆம், 75ஆம் மூலகங்கள் இரண்டையும் எக்ஸ்-கதிர்க் கோடுகளைக் கொண்டு கண்டுவிட்டதாக அறிவித்தனர். 75ஆவது மூலகமாகிய இரேனியம் நிலைத்தது. ஏனெனில் 1928இல் அவர்கள் 660 கிலோகிராம் மொலிப்டினைற்றிலிருந்து ஏறத்தாழ ஒரு கிராம் இரேனியத்தைப் பிரித்து உலகின் முன் வைத்தனர். மசூரியம் எனப் பெயரிடப்பட்ட 43ஆவதோ, பிறரால் மீளக் காணப்படாது ஒழிந்தது. அவ்விடத்துக்குரிய தெக்கினீசியம் 1937இல் பெரியராலும் சேக்ரேயாலும் கண்டறியப்பட்டது. ஒரே ஆய்வாளர், ஒரே கருவி, ஒரே அறிவிப்பு. ஒன்றை வரலாறு ஏற்றது, மற்றையதைத் தள்ளியது. கோடு ஒன்று தெரிகின்றது என்பது சான்றாகாது. தெரிந்த பொருளொன்றின் பக்கத்தில் வைத்துப் பிறரும் காணத்தக்கதாயின் மட்டுமே அது சான்று.

இத்துணை எளிய கடமை ஏன் கைவிடப்படுகின்றது என்னும் வினா எஞ்சுகின்றது. காலமின்மை காரணம் என்பது அரை உண்மை. முழு உண்மை வேறு. பல்கலைக்கழகச் சூழலிலே தலையின் வேலைக்கும் கையின் வேலைக்கும் இடையே பழைய ஏற்றத்தாழ்வொன்று இன்றும் உயிர்வாழ்கின்றது. கொள்கையை எழுதுபவர் ஆய்வாளர். செம்பை மினுக்கி உள்ளே வைத்து, மின்னோட்டத்தைப் பரடேயின் கிண்ணத்தில் அளந்து, உச்சியின் இடத்தைப் பதிவேட்டில் எழுதுபவர் தொழில்நுட்ப உத்தியோகத்தர். முன்னவரின் பெயர் கட்டுரையின் தலைப்பில்; பின்னவரின் பெயர் பெரும்பாலும் எங்கும் இல்லை. அளவுத்திருத்தம் கீழ்நிலை வேலை எனக் கருதப்படுவதற்கு அதன் இயல்பு காரணமன்று. அதனைச் செய்பவர்க்கு வழங்கப்படும் இடமே காரணம். அக்கட்டுரையின் எண்கள் மெய்யாயின், அவற்றை மெய்யாக்கியவர் அந்த உத்தியோகத்தரே. அவருடைய பதிவேட்டைப் புரட்டிப் பாராத விரிவுரையாளர், தம் ஆய்வின் அத்திவாரத்தைப் பாராதவரே ஆவர்.

ஆகவே வேண்டப்படுவன இவை. ஒவ்வொரு நாளின் முதல் அளவீடும் செம்பின் இரு கோடுகளாக இருத்தல் வேண்டும். அவை நின்ற இடம் பதிவேட்டில் எழுதப்படல் வேண்டும். உணர்கருவியின் பிரிதிறன் மங்கனீசின் கோட்டில் காலந்தோறும் சோதிக்கப்படல் வேண்டும். கற்றையின் மின்னோட்டம் அளவீட்டுக்கு முன்னும் பின்னும் அளக்கப்படல் வேண்டும். அமைப்புத் தெரிந்த பொருளொன்று அறியாப் பொருள்போல அளக்கப்பட்டு, அதன் விடையும் ஆய்வேட்டில் இடம்பெறல் வேண்டும். அட்டவணையிலே நூறாக்கப்படாத மொத்தம் மறைக்கப்படாது அச்சிடப்படல் வேண்டும்; அது 97 ஆயினும் 103 ஆயினும் நாணத்தக்கதன்று. நியமமின்றிக் கணித்த எண்ணாயின் அவ்வாறே வெளிப்படக் கூறப்படல் வேண்டும். அதற்கு இரண்டு தசமதானங்கள் வழங்கப்படலாகாது. இவை எவற்றுக்கும் புதிய கருவி வேண்டியதில்லை. புதிய நிதியும் வேண்டியதில்லை.

எஞ்சியது பரீட்சகரின் கடமை. ஆய்வேட்டைத் திறந்து, அட்டவணையைச் சுட்டி, 'இந்நாளில் செம்பு எங்கே நின்றது?' என்னும் ஒரே வினாவை அவர் வினவுவாராயின், அடுத்த ஆண்டு முதல் எல்லா மாணவரும் செம்பை அளப்பர். வினவாராயின், மாணவரைக் குறை கூறும் உரிமை அவர்க்கு இல்லை. அதுகாறும், முத்திரையிட்ட தராசோடு சந்தையில் அமர்ந்திருக்கும் மீன்காரர், நூற்றுக்கு நூறு என்னும் தாளைக் கையிலேந்தி நிற்கும் பட்டதாரியிலும் பார்க்க நேர்மையான அளவையாளராகவே இருப்பார்.